மூன்றாவது கோயிலைக் காணும்

ஊர் சுற்றிப் பார்ப்பது கால்களுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் நெடுநாளைய கருத்து. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம். அதையே யாராவது விருந்தாளி வந்து வற்புறுத்தினால்தான் போய்ப் பார்ப்பேன். அப்படிப்பட்ட என்னைப் பிடித்து, புதுக்கோட்டைச் சீமையில் உள்ள மலை, கோயில், குகை, கோட்டை அத்தனையையும் ஒரே பகலில் காட்டித் தீர்த்தார் என் அத்தான் அருளப்பன். அன்றைக்கு வந்த தொடை வலி கப்பலேறி யாழ்ப்பாணம் வரை என்னுடன் வந்தது. சுங்கத்தில் அதற்கு மட்டும் யாரும் வரி கேட்கவில்லை.

கடவுச்சீட்டும் விசாவும் புதிதாக வந்து, அக்கரைக்கும் இக்கரைக்கும் நடுவில் முத்திரை குத்தும் ஆசாமிகள் உட்கார்ந்துவிட்ட காலம் அது. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வாங்க என்னைத் திருச்சிக்கு அனுப்பினார்கள். செய்தி கேட்டதும் அப்பா சாய்மனைக் கதிரையில் சாய்ந்து படுத்தபடியே, "திருச்சியிலையிருந்து அது எவ்வளவு தூரம்?" என்றார். 'அது' எது என்று நான் கேட்கவில்லை. அது ஆவூர். என் அக்கா திரேசம்மா இருக்கும் ஊர்.

அக்கா திருச்சிக்கு ஆசிரியப் பயிற்சிக்குப் போனவள். போன இடத்தில் ஆவூர்க் கடலை வியாபாரி அருளப்பனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று வீட்டுக்கு எழுதினாள். மாப்பிள்ளையும் எங்களைப்போல மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர்தான், கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லாதவர்தான். ஆனாலும் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, தன் கொடி அசையாமல் ஒரு ரயில் புறப்பட்டுப் போய்விட்டதைப் பொறுக்கவில்லை. அன்றோடு அக்காவின் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார். இப்போதுதான் முதல்முறையாக 'அது' என்ற அளவுக்கு இறங்கி வந்திருந்தார். "ஒருக்காப் போய் உன்ர கண்ணாலை பாத்துக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை விரித்துக்கொண்டார். அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய், "அவள் நல்லா இருக்கிறாள் எண்டு நீ வந்து சொன்னால் கொப்பர் மனம் இரங்கி அவளைக் கூப்பிடுவார். வடிவாப் பாத்துக்கொண்டு வா, மோனே" என்று கண்ணைத் துடைத்தாள். ஆகவே நான் ஆவூருக்குப் போனது அக்காவைப் பார்க்க. மலை பார்க்க அல்ல.

ஆவூரில் போய் இறங்கியபோது இருட்டிவிட்டது. அக்கா என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு மறுபடி அழுதாள். மறுநாள் அவள் படிப்பிக்கும் மிஷன் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறாராம், லீவு கேட்டும் கிடைக்கவில்லையாம். "மூணு மணிக்கெல்லாம் ஓடியாந்துருவேன்டா. ஒக்காந்து விடிய விடியப் பேசுவோம்" என்றாள், அந்த ஊர்ப் பேச்சிலேயே. எனக்கு அங்கே தங்க முடிந்தது அந்த ஒரு நாள்தான். மூன்று மணி வரை படுத்துத் தூங்கலாம் என்று மனத்துக்குள் திட்டம் போட்டேன்.

விடிந்ததும் வாசலில் ஒரு வாடகைக் கார் நின்று இருமிக்கொண்டிருந்தது. டிரைவர் சவரிமுத்து முன்பக்கக் கம்பியைச் சுழற்றச் சுழற்ற அது இருமும், நிற்கும், மீண்டும் இருமும். அத்தான் வெள்ளைச் சட்டை போட்டு, துண்டை மடித்துத் தோளில் வைத்து, சவரம் செய்த முகத்தோடு நின்றார்.

"ஏறுங்க மாப்ளே. ஒரு ரவுண்டு போயிட்டு மூணு மணிக்குள்ள வந்துருவோம். நீங்க போயி மாமாகிட்டச் சொல்லணும் பாருங்க, எங்க சீமையில என்னென்ன இருக்குன்னு."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது தோளில் இருந்த துண்டை எடுத்து மறுபடி மடித்தார். மாமனார் மகனை எதற்கு அனுப்பியிருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கடலை மூட்டைக்குள் கைவிட்டு மாதிரி எடுத்துக் காட்டிப் பழகிய மனிதர் அவர். தன் வீட்டை மட்டும் காட்டினால் போதாது, சீமை முழுவதையும் அள்ளி உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் 'காணும்' என்றால் போதும் என்று அர்த்தம். சோறு போடும்போது காணும் என்றால் அகப்பை நின்றுவிடும். புதுக்கோட்டைப் பக்கத்தில் 'காணும்' என்றால் அந்தப் பொருள் கண்ணில் படவில்லை, தொலைந்துவிட்டது என்று அர்த்தம். இது அன்று காலையில் எனக்கும் தெரியாது, அத்தானுக்கும் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். ஆனால் அவள் இன்ஸ்பெக்டரிடம் மாட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் ஆவூர்க் கோயில். பழைய மாதா கோயில், உயர்ந்த கூரை, உள்ளே நல்ல குளிர்ச்சி. அங்கேயே முழங்காலில் நின்றபடி கொஞ்சம் கண்ணயர்ந்தேன். அத்தான் அதைப் பக்தி என்று நினைத்து மரியாதையோடு காத்திருந்தார்.

அடுத்து விராலிமலை. கார் போய்ச் சேர்ந்ததும் மலையைப் பார்த்தேன். உச்சியில் முருகன் கோயில், அதுவரை படிகள். அடிவாரத்துக் கடையில் தேங்காய், சூடத்தோடு சுருட்டும் கட்டுக் கட்டாக விற்றார்கள். இந்த முருகனுக்குச் சுருட்டு வைத்துப் படைப்பது வழக்கமாம். வேதக்காரரான அத்தான் இதைத் தன் சொந்த வீட்டு விஷயம்போலப் பெருமையாகச் சொன்னார். அவருக்கென்று நான் கொண்டுவந்து கொடுத்திருந்த யாழ்ப்பாணச் சுருட்டுகளில் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினார். கடைக்காரர் முகர்ந்து பார்த்து இரண்டு முறை தும்மினார்.

"யப்பா! சாமிக்கு இது ஒத்துக்காதுங்க. இதைப் பத்த வச்சா மயிலு எறங்கி ஓடிப்போயிரும்" என்று திருப்பிக் கொடுத்தார்.

மயில்கள் உண்மையிலேயே ஏராளம். படியில், பாறையில், மண்டபத்துக் கூரையில் என்று எங்கும் நின்றன. ஏறிக்கொண்டே பார்த்தேன், பார்த்துக்கொண்டே மூச்சு வாங்கினேன். பாதி மலையில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, "காணும் அத்தான், காணும்" என்றேன்.

அத்தான் திடுக்கிட்டுச் சுற்றிப் பார்த்தார். "மயிலையா காணும்ங்கிறீங்க? இவ்வளவு நிக்குதே... ஓகோ, பெரிய தோகை உள்ளதைத் தேடுறீங்களா? அது பின்பக்கம் நிக்கும். இங்கிட்டு வாங்க."

பின்பக்கத்தில் படி இல்லை. முள் இருந்தது. பெரிய தோகை மயில் ஒன்றும் இருந்தது. எங்களைப் பார்த்துவிட்டு, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்பதுபோலத் தலையைச் சாய்த்து, பறந்து முன்பக்கம் போய் உட்கார்ந்தது. நாங்கள் அதைத் தேடி வந்த வழியே திரும்பினோம்.

கொடும்பாளூர் போகும் வழியில் காரின் முன்பக்கம் ஆவி கிளம்பியது. சவரிமுத்து தகரக் குவளையோடு இறங்கி, பக்கத்து வயல் கிணற்றுக்குப் போனார். அந்தக் கார் எங்கள் மூவரையும்விட அதிகம் தண்ணீர் குடித்தது. யாழ்ப்பாணத்திலும் கிணறுதான், ஆனால் எங்கள் மண் சிவப்பு, வேலிக்கு வேலி பனையோலை, அடுத்த வீடு தெரியாது. இங்கே வேலியே இல்லாமல் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. அக்கா இந்த வெளியை முதலில் பார்த்தபோது பயந்திருப்பாளா என்று நினைத்தேன். அதைக் கேட்கத்தான் அவளோடு உட்கார வேண்டும் என்றும் நினைத்தேன்.

கொடும்பாளூரில் இருப்பது மூவர் கோயில். அளவான, அழகான கோயில்கள். அத்தான் ஒவ்வொரு கல்லாகக் காட்டினார். யானை பார்த்தாயிற்று, சாமி பார்த்தாயிற்று, பூதம் பார்த்தாயிற்று. வெயில் நடு மண்டையில் இறங்கியது. நான் கைகளை விரித்து, என்னால் இயன்ற பணிவோடு, "காணும், அத்தான்" என்றேன்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். முகம் மலர்ந்தது. "சவரி! ஓடியா இங்கிட்டு! மாப்ள சொன்னாரு பாத்தியா? ஒருத்தரும் சொல்லாம அவராவே கண்டுபுடிச்சிட்டாரு!"

விஷயம் இதுதான். பெயர் மூவர் கோயில் என்றாலும் நிற்பது இரண்டுதான். மூன்றாவது எப்போதோ இடிந்துபோய் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. நான் அதுவரை எத்தனை கோயில் என்று எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "மூணாவதைக் காணும்னு பட்டுனு சொல்லிட்டாரு. படிச்சவங்க கண்ணே தனி" என்று அத்தான் என் முதுகைத் தட்டினார். அப்புறம் அந்த இல்லாத கோயிலையும் ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். இருக்கும் கோயில்களைவிட அதற்குத்தான் அதிக நேரம் ஆயிற்று.

மத்தியானச் சாப்பாடு குடுமியான்மலையில், அத்தானோடு கடலை வியாபாரம் செய்யும் நண்பர் வீட்டில். கோழிக் குழம்பு, வறுவல், முட்டை என்று தலைவாழை இலை நிறைந்திருந்தது. காரம் எங்கள் ஊர்க் காரத்துக்குக் குறைந்ததில்லை. முதல் சோற்றைச் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். இரண்டாவது சோறு விழுந்ததும் "காணும்" என்றேன். நண்பரின் மனைவி பதறிப்போய், "அய்யய்யோ, கறியைக் காணுமாம், அங்கிட்டே பேசிக்கிட்டு நிக்கிறீங்களே" என்று கணவரைக் கடிந்துகொண்டு, ஒரு கரண்டி கறியை வைத்தார். "காணும், காணும்!" என்றேன். "முட்டையக் காணுமாம்" என்று முட்டை வந்தது. பேச்சு எடுபடவில்லை என்று கண்டு இரண்டு கையாலும் இலையை மறைத்தேன். ரசம் புறங்கையில் விழுந்தது.

சாப்பிட்ட பிறகு அங்கே பாறையில் வெட்டியிருக்கும் சங்கீதக் கல்வெட்டைப் பார்த்தோம். பழங்காலத்து எழுத்து, எங்கள் மூவரில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. ஆகவே அது ஒன்றுதான் அன்றைக்குச் சீக்கிரம் முடிந்தது. அத்தானிடம் மணி கேட்டேன். மூன்று ஆகப் போகிறது என்றார். "அக்கா வந்திருப்பா" என்றேன். "சித்தன்னவாசல் போற வழிதானே, ஒரு எட்டு" என்றார்.

சித்தன்னவாசல் குகைக் கோயிலில் கூரையெல்லாம் ஓவியம். தாமரைக் குளம், அதில் மீன், வாத்து, யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு இடத்தில் நான் கால் வலியை மறந்தேன். ஆனால் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து இறுகிவிட்டது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு "காணும்" என்று முனகினேன். அத்தான் முகம் வாடியது. "ஆமா மாப்ளே, நெறைய அழிஞ்சுதான் போச்சு. ஆனா இங்கிட்டு ஒரு மீனு முழுசா இருக்கு, பாருங்க" என்றார். காவல்காரர் ஒரு கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பிக் கூரையில் அடித்துக் காட்டினார். மீனைப் பார்த்தேன். மீனின் பக்கத்து மீனையும் பார்த்தேன்.

அப்புறம் மலைக்கு மறுபக்கம், செங்குத்தான பாறையில் வெட்டிய படிகளைப் பிடித்துக்கொண்டு போனால் இன்னொரு குகை. பழங்காலத்துச் சமணத் துறவிகள் தவம் செய்த இடமாம். தரையில் வரிசையாகக் கல் படுக்கைகள், தலைப்பக்கம் கல்லிலேயே தலையணை. வழவழவென்று, சில்லென்று இருந்தன. அன்று காலையிலிருந்து நான் பார்க்க விரும்பிய ஒரே பொருள் அதுதான். அத்தான் விளக்கம் சொல்லத் தொடங்குமுன் ஒன்றில் படுத்துவிட்டேன்.

தூக்கம் கலைந்தபோது முகத்தில் காற்று பட்டது. கண்ணைத் திறக்காமல் கிடந்தேன். அத்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். தாழ்ந்த குரலில் சவரிமுத்துவிடம் பேசினார்.

"அவரு மொகத்துல திருப்தியே இல்லையே, சவரி. காலையிலருந்து எதைக் காட்டினாலும் காணும், காணும்ங்கிறாரு. என்னத்தைத் தேடுறாருன்னு தெரியலையே. போயி அப்பாகிட்ட அங்க ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டாருன்னா? திரேசு ஒருநாளும் வாயத் தொறந்து சொல்ல மாட்டா. ஆனா மாதா படத்துக்குக் கீழ அவுக அப்பா படத்தைத்தான் வச்சிருக்கா. நான் அவளை எம்புட்டு நல்லா வச்சிருந்தாலும், அந்த மனுசன் வந்து ஒருவாட்டி நிக்காம அது நெறையாது."

"திருமயம் கோட்டையக் காட்டிப்புடுவோம் மொதலாளி" என்றார் சவரிமுத்து. "அம்புட்டுப் பெருசு. அதைப் போயி எவனும் காணும்னு சொல்ல முடியாது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்த மனிதர்மேல் பாசமும் வந்தது. எழுந்து உட்கார்ந்து, "அத்தான், காணும் எண்டால் எங்கட ஊரிலை போதும் எண்டு அர்த்தம். எல்லாம் நல்லா இருந்தது. நிறைஞ்சுபோச்சு" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் பேசினதைக் கேட்டுட்டீங்க. மனசு நோகக் கூடாதுன்னு சும்மா சொல்றீங்க" என்றார். காணும் என்ற சொல்லுக்குப் போதும் என்று ஒரு அர்த்தம் உண்டு என்பதை அவரால் நம்ப முடியவில்லை. நான் மேலும் மேலும் சொல்லச் சொல்ல, என் நல்ல குணத்தைத்தான் மேலும் மேலும் மெச்சினார். அதற்கு மேல் அந்த மனிதரிடம் வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. திருமயத்துக்குப் போனோம். கோட்டை பெரிதாகத்தான் இருந்தது. உச்சியில் பீரங்கியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "இருக்கு அத்தான், இருக்கு! எல்லாம் இருக்கு!" என்று கத்தினேன். அன்றைக்கு முதல்முறையாக அவர் நிம்மதியாகச் சிரித்தார்.

திரும்பும் வழியில் கார் இருமுவதையும் நிறுத்திவிட்டது. நானும் அத்தானும் தள்ள, சவரிமுத்து உள்ளே உட்கார்ந்து எங்களுக்கு உற்சாகம் சொன்னார். அது மறுபடி இருமத் தொடங்கி, நாங்கள் ஏறி ஆவூருக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்து நெடுநேரம் ஆகியிருந்தது. வாசலில் அக்கா நின்றாள். நான் காரிலிருந்து கால் வைத்து இறங்கவில்லை, சரிந்தேன்.

"ஏங்க, ஒங்களுக்குக் கூறு இருக்கா?" என்று தொடங்கினாள் அக்கா. "ஒரு நாளு பாக்கணும்னு கடல் தாண்டி வந்த புள்ளையை இம்புட்டு வெயில்ல இழுத்துக்கிட்டு அலைஞ்சிருக்கீங்களே, அவன் என்ன கடலை மூட்டையா? இன்ஸ்பெக்டரை வெரட்டாத கொறையா அனுப்பிட்டு ஓடியாந்து, மூணு மணியிலருந்து இந்த வாசல்லயே நிக்கிறேன். காபியைப் போட்டுப் போட்டு ஆறவச்சு நானே குடிச்சேன். மலை எங்கிட்டும் ஓடிப்போயிருமா? என் தம்பி விடிஞ்சா ஓடிப்போயிருவான்ல?"

குரல் தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்தவர்கள் வசதியாகத் திரும்பி உட்கார்ந்தார்கள். அத்தான் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் என்னத்தைச் செய்ய? எதைக் காட்டினாலும் மாப்ள காணும் காணும்னாரு. சரி, இன்னும் தேடுறாருன்னு..." என்றார்.

அக்கா ஒரு கணம் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அட மனுசா! காணும்னா போதும்னு அர்த்தம்! நான் வந்த புதுசுல பள்ளிக்கூடத்துப் புள்ளைகள்லாம் சிரிக்குதுன்னு விட்டுட்டேன். ஒங்ககிட்ட ஒருநாளும் சொன்னதே இல்லையே!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அத்தான் யோசித்தார். விராலிமலை முதல் ஒவ்வொன்றாக அவர் மனத்துக்குள் ஓடியது முகத்தில் தெரிந்தது. கடைசியில், "கொடும்பாளூர்லயுமா, மாப்ளே?" என்று கேட்டார். தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் அவருக்கும் சிரிப்பு வந்தது. நின்று சிரித்தார், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார். அவள் அவர் தோளில் ஒரு அடி போட்டு, "சிரிப்பு வேற! போயி அவனுக்கு வெந்நி எடுத்துட்டு வாங்க" என்றாள். அவர் எழுந்து போனார்.

விடிய விடியப் பேசுவது என்று சொல்லியிருந்தோம். அக்கா பாயை விரித்து, என் காலுக்கு நல்லெண்ணெய் தடவிக்கொண்டே, "அப்பா இப்பவும் வெள்ளனவே எந்திரிக்கிறாரா?" என்று கேட்டாள். 'ஓம்' என்று சொன்னதாக ஞாபகம். அதற்குள் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. யாரைப் பார்த்துவா என்று அனுப்பினார்களோ அந்த ஒரே ஆளோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசாமல் வந்துவிட்டேனே என்று திருச்சி வரையில் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். மனம் மிகவும் கஷ்டப்பட்டது.

வீட்டில் அப்பா அதே சாய்மனைக் கதிரையில் இருந்தார். "பாத்தியே?" என்றார்.

"பாத்தனான்" என்றேன். என்ன சொல்வது? மயிலைச் சொன்னேன், குகையைச் சொன்னேன், கோட்டையைச் சொன்னேன். அப்பா பத்திரிகையின் மேல் விளிம்பைத் தாண்டிப் பார்க்கவே இல்லை. கடைசியில் மிஞ்சியிருந்தது அந்த ஏச்சு ஒன்றுதான். அக்கா ஏசியதை அவள் குரலிலேயே, ஆவூர்ப் பேச்சிலேயே, கையை வீசி ஏசிக் காட்டினேன். அம்மா அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள்.

எங்கள் வீட்டில் ஆண்கள் இருக்கும் கூடத்தில் பெண் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அக்காவும் இங்கே இருந்தவரைக்கும் தலையைக் குனிந்து, "ஓம் அப்பா" என்பதற்கு மேல் பேசியவள் அல்ல. அப்பா பத்திரிகையை மடியில் வைத்தார்.

"உப்பிடியே கத்தினவள்? தெருவிலை நிண்டோ?"

"ஓம்."

"அவர் என்ன செய்தவர்?"

"சிரிச்சவர், அப்பா. பேந்து எனக்குச் சுடுதண்ணி எடுத்துவந்தவர்."

அப்பா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னொருக்காச் சொல்லு" என்றார். இன்னொரு முறை ஏசிக் காட்டினேன். 'அவன் என்ன கடலை மூட்டையா' என்ற இடத்தில் அவர் மீசை அசைந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றினார்.

"திரேசாவோ உப்பிடிக் கதைக்கிறாள்" என்றார். அவள் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனை காலம்!

பிறகு தன் முழங்காலைத் தடவிக்கொண்டே, கொஞ்சம் கோபம் மாதிரி ஒரு குரலில், "அந்த மலையள்... என்னாலை ஏற ஏலுமே?" என்று கேட்டார்.

"ஏலாது எண்டால் அத்தான் தூக்கிக்கொண்டு ஏறுவார், அப்பா" என்றேன்.

"அப்ப பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கவேணும். என்ர கறுத்தக் கோட்டு எங்கை?" என்று அம்மாவைத் தேடினார். அடுப்படி வாசலில் அம்மா இல்லை. முற்றத்துக் கொடியில் அந்தக் கறுத்தக் கோட்டை வெயிலுக்குப் போட்டு, பாச்சை உருண்டை வாசம் போகத் தட்டிக்கொண்டிருந்தாள். அதன் பக்கத்தில் அவளுடைய கல்யாணக் கூறைச் சேலையும் தொங்கியது.